தூக்குமரத்துப் பேச்சு

எண்பத்தாறாம் ஆண்டு, மழை விடாத ஒரு மாலை. பாபடோயிட்டோய் என்ற புறநகருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் இருவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை, மடியிலிருந்த புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சாகப்போறவன் இவ்வளவு வடிவாக் கதைக்க மாட்டான், அக்கா."

"ஆரடி?"

"சிலியில மாப்புச்சே எண்டு ஒரு சனம். அவையின்ர நிலத்தைப் பிடிக்கப்போன ஸ்பானியரில ஒருத்தன் எழுதினது இது. இதில மாப்புச்சேத் தலைவன் தூக்குமரத்தில நிண்டு, தன்னைக் கொல்லுறவங்களைப் புகழ்ந்து ரெண்டு பக்கம் கதைக்கிறான்."

"நாங்கள் வந்த புதுசில என்னைப் பற்றிப் பேப்பரில போட்ட மாதிரி."

"ஓம். நீ அண்ணான்ர விசா எப்ப வருமெண்டு கேட்டனி. அந்தப் பேப்பர்காரன் நீ அழுதழுது நன்றி சொன்னதா எழுதினான்."

"அதுக்கு இண்டைக்கு ஏன் கொதிக்கிறாய்?"

"அந்தப் பேச்சை எழும்பி வாசி எண்டார் புரொபசர். எழும்பினன், வாய் திறக்கேல்லை. ஏன் வாசிக்கேல்லை எண்டு கேட்டார். வாசிச்சுக்கொண்டுதான் நிக்கிறன், அந்தத் தலைவன் உண்மையாச் சொன்னதில எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் எண்டன்."

"புள்ளி போகப்போகுது."

"போகட்டும்."



"ஏசினவரோ?"

"இல்லை. பக்கத்தில இருந்த மாவோரிப் பெட்டையை வாசிக்கச் சொன்னார். இந்த நாட்டில அவளின்ர சனத்தின்ர நிலமும் அப்பிடிப் பறிபோனதுதானே. அவளும் எழும்பினாள். வகுப்பு முடியுமட்டும் ரெண்டு பேரும் வாய் திறக்காமல் நிண்டம்."