மூன்றாம் பக்கம் வரை புரட்டிய பெருந்தகைக்கு

உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள எம் அறக்கட்டளை மருத்துவமனையில் இருபத்தொன்பது ஆண்டுகள் மருத்துவ ஆவணக் காப்பாளராகப் பணியாற்றி, 30.6.2004 அன்று ஓய்வு பெறும் திருமிகு ஆ. சிராஜுதீன் அவர்களுக்கு, உடன் உழைத்துக் களைத்தோர் வாசித்தளிக்கும் மடல்.

ஆவணம் காத்த அண்ணலே! அரைகுறை எழுத்தை அறவே பொறுக்காத ஆசானே! தாளைத் திருப்பி அனுப்பியே எங்கள் தலைகளைத் தாழவைத்த தகைமையாளரே! பாய் அவர்களே! வணக்கம்.

வழியனுப்பு மடலென்றால் வானளாவப் புகழ வேண்டும், வார்த்தைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எங்களுக்குச் சோர்வாக இருக்கிறது, ஐயா. ஐம்பது கட்டிலில் எழுபது பேரைப் படுக்கவைத்து, ஆறு பேர் வேலையை மூவர் பார்த்து, எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் நாங்கள். அந்தக் களைப்பில் தங்களால் விளைந்த பங்கு கொஞ்சமன்று என்பதையும் இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும்.

வைக்கோல் வண்டியிலிருந்தும் பனைமரத்திலிருந்தும் விழுந்து கழுத்து முறிந்து வருவோர் நம் பக்கத்தில் அதிகம். "கழுத்து எலும்பு முறிவு" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டு நாங்கள் அடுத்த கட்டிலுக்குப் போவோம். தாள் மறுநாளே திரும்பி வரும். ஓரத்தில் பென்சிலால் தங்கள் முத்தான கையெழுத்து: எந்த எலும்பு? எப்படி விழுந்தார்? எந்தப் படத்தில் தெரிந்தது?

"பேஜாரா கீது பாய்! கழுத்து உடஞ்சிக்கீது, அவ்ளோதான். இன்னும் இன்னா வேணும்?" என்று செவிலியர் பார்வதம் ஒருநாள் தங்கள் மேசை முன் நின்று சீறியதை இந்த அரங்கமே அறியும்.

"கழுத்துல ஏழு எலும்பு கீதும்மா. எதுன்னு சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதிய நோய்க் குறியீட்டுப் புத்தகம் வந்தபின் எங்கள் பாடு திண்டாட்டமாயிற்று. கழுத்து முறிவுக்கு எஸ் பன்னிரண்டு, சுளுக்குக்கு எஸ் பதின்மூன்று. தலையைத் தாங்கும் முதல் எலும்பு முறிந்தால் அதன்பின் சுழியம்; தலையைத் திருப்ப உதவும் இரண்டாம் எலும்பு முறிந்தால் ஒன்று. முதல் எலும்புக்கு ஒன்று என்று போட்டுப் போட்டு நாங்கள் குப்புற விழுந்த கதையைக் கேட்டால் ஊர் சிரிக்கும். அத்தனையையும் அழித்து எழுதியவர் தாங்கள். ஒருமுறைகூட மேலிடத்தில் சொன்னதில்லை.

இனி, பாராட்டு மடல்களில் எழுதாத ஒன்றை எழுதுகிறோம்.

2001 தை மாதம். மானாம்பதியைச் சேர்ந்த செங்கேணி என்னும் அம்மையார் வைக்கோல் ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து சேர்ந்தார். அவரது நோய்க்குறிப்புத் தாளின் முதல் பக்கத்தில் "கழுத்துச் சுளுக்கு" என்று எழுதப்பட்டது. இரண்டு நாள் கழித்து, வாயைத் திறக்கச் சொல்லி எடுத்த எக்ஸ்ரே படத்தில் இரண்டாம் எலும்பின் முறிவு தெரிந்தது. அது மூன்றாம் பக்கத்தில் ஏறியது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்து வீடு திரும்பும் சீட்டு எழுதுவது எங்கள் அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். சீட்டில் சுளுக்கு என்றே போயிற்று. சீட்டைப் பார்த்த வார்டில் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு அவரைப் பேருந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

குறியீடு போட உட்கார்ந்த தாங்கள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினீர்கள். பட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறினீர்கள். அதன்பின் நடந்ததைச் செங்கேணி அம்மையாரே எங்களிடம் சொன்னார்.

"இன்னா பாய், வூட்டாண்ட வந்துக்கீறே? நாளைக்கு உளுந்து பறிக்கப் போவணும், எனுக்கு ஒண்ணுமில்ல" என்றாராம்.

"தலைய ஆட்டாதம்மா. அப்படியே உக்காந்துகினு இரு" என்று சொல்லித் தாங்களே பட்டையைக் கட்டி, வேன் பிடித்து, மெல்ல மெல்ல அழைத்து வந்தீர்கள். ஒரு திரும்பலில் கைகால் விழுந்திருக்கும், உயிரே போயிருக்கும் என்றார் மருத்துவர். அம்மையார் இன்று தம் வயலில் தாமே வேலை செய்கிறார்.

அன்றுதான் அறங்காவலர்கள் பார்வையிட வந்த நாள். தங்கள் அறை பூட்டியிருந்தது. "பணி நேரத்தில் அனுமதியின்றி இருக்கையை விட்டகன்றமை" குறித்து விளக்கம் கேட்கப்பட்டது. "அவசரம். தவறுதான்" என்று இரண்டே சொல்லில் பதில் தந்தீர்கள். பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. தங்களுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அம்மையாரின் தாளிலோ, "நோயாளி தாமாகவே திரும்பி வந்தார்" என்று எழுதி முடித்துவிட்டோம். ஆயிரம் தாள்களைத் திருப்பி அனுப்பிய தாங்கள், அந்தத் தாளை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுக்கில் வைத்தீர்கள்.

ஏனென்று இங்கே ஒருவனுக்குத் தெரியும். கேள்வி கேட்டிருந்தால் சீட்டை எழுதியது யார் என்ற பேச்சு வந்திருக்கும். எழுதியவன் அப்போது தற்காலிகப் பணியில் இருந்தான். மூன்று பெண்களுக்குத் தகப்பன். அன்றே வெளியே போயிருப்பான். அவன் நான்தான். தங்கள்மேல் விளக்கம் கேட்ட அந்தக் குறிப்பாணையை, மேலிடம் சொல்லச் சொல்ல, அடுக்குமொழியில் எழுதியவனும் நான்தான். எழுதும்போதே எல்லாம் தெரியும். இம்மடலையும் அதே கைதான் எழுதுகிறது. வெட்கமாக இருக்கிறது, பாய்.

தங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு ஆள் போடப்போவதில்லை என்று நேற்று உத்தரவு வந்திருக்கிறது. நாங்கள் எழுதுவதெல்லாம் இனி அப்படியே அடுக்கில் ஏறும். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

நோயற்ற வாழ்வும், நல்ல உறக்கமும், யாருடைய பிழையையும் சுமக்காத காலைகளும் தங்களுக்கு வாய்க்கட்டும்! தங்கள் இல்லத்தரசியார் ஷாஹீதா அம்மையாரோடு நீடு வாழ்க!

தங்களிடமிருந்து திரும்பி வராத அந்த ஒரு தாளை, மருத்துவரின் கையொப்பத்தோடு இன்று காலை திருத்தியிருக்கிறோம்; அறங்காவலர்கள் அமர்ந்திருக்கும் இந்த அவையில் வாசிக்கிறோம்: "செங்கேணி தாமாகத் திரும்பி வரவில்லை. ஆவணக் காப்பாளர் சிராஜுதீன் போய் அழைத்து வந்தார். சீட்டில் தவறாக எழுதியவர், இளநிலை உதவியாளர் வேதாந்தம்."

இங்ஙனம்,
தங்களால் திருத்தப்பட்ட
மருத்துவமனைப் பணியாளர்கள்