ஸ்பீக்கர் பெட்டிக்கு நிற்கிற நிறம்

பிளஸ்ஸி: அதெல்லாம் செரி... வார்னிஷ் அடிச்சு கண்ணாடி கணக்கா வச்சிருந்த ஸ்பீக்கர் பெட்டிய இப்ப எதுக்கு உப்புத்தாளு போட்டு தேய்க்கிய?

டெனிஷ்: கண்ணாடியா? நல்லா பாருட்டி. கடக்காத்து பட்டு ஓரமெல்லாம் வெளிறிப் போச்சு.

பிளஸ்ஸி: நீங்களே பலக அறுத்து, நீங்களே ஒட்டி, நீங்களே அடிச்ச வார்னிஷுதான்...

டெனிஷ்: அதான் இந்த மொற பெயிண்டு. ஆயுசுக்கும் பின்ன தொடப்பிடாது. இந்தா, கோட்டாத்துல கலர் கார்டு வாங்கிட்டு வந்தேன். சொல்லு.

பிளஸ்ஸி: வெள்ள?

டெனிஷ்: மஞ்சளாயிரும்.

பிளஸ்ஸி: கறுப்பு?

டெனிஷ்: தூசி தெரியும். தொடச்சு தொடச்சு நீதான் ஏசுவ.

பிளஸ்ஸி: இந்த நீலம் கொள்ளாமே, நல்லாருக்கு...

டெனிஷ்: ஜன்னல் வெயிலுக்கு வெளுக்கும். இந்தச் சாம்பல் எப்பிடி?

பிளஸ்ஸி: பூசாத செவரு மாதிரி இருக்கு.

டெனிஷ்: செவரு எத்தற வருசம் நிக்குது பாரு!

பிளஸ்ஸி: இஞ்ச பாருங்க... போன வருசம் மேக்க வீட்டு அண்ணன் கலரப் பத்திக் கேட்டதுக்கு என்ன சொன்னிய? "கலரா பாடுது? சத்தத்தக் கேளும்"னு... அந்த மனுசன் பின்ன நம்ம வீட்டுப் பக்கமே வரல்ல.

டெனிஷ்: அது... அப்போ.

பிளஸ்ஸி: இப்போ என்ன?

டெனிஷ்: சத்தம்தான் செரியா இருக்கே. பாக்கவும் நல்லா இருக்காண்டாமா?

பிளஸ்ஸி: செரியா இருக்கா? ரெண்டு பெட்டியும்?

டெனிஷ்: ரெண்டுந்தான். நேத்துகூட கேட்டேனே... பாட்டு ரூமு நெறைய வந்துது.

பிளஸ்ஸி: நேத்தா...

டெனிஷ்: என்னட்டி?

பிளஸ்ஸி: உள்ள இருக்கே இடது பெட்டி... அது ஞாயித்துக்கிழமேல இருந்து பாடல்ல. பொறத்த போயி பாருங்க, ஒயரு கழந்து கெடக்கு.

டெனிஷ்: பெருக்கும்ப தட்டியிருப்ப.

பிளஸ்ஸி: தட்டல்ல. நான்தான் கழத்தி விட்டேன்.

டெனிஷ்: நீயா! எதுக்கு?

பிளஸ்ஸி: இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிய. மொதல்ல கோவமோன்னு நெனச்சேன். பாட்டுல ஒரு பொட்டு கரகரப்பு வந்தா, தின்னுட்டு இருக்க சோத்த விட்டுட்டு எழும்பி ஓடுத ஆளு... ஒரு பெட்டியே செத்துக் கெடக்கு, நீங்க தலயாட்டிட்டு இருக்கிய.

டெனிஷ்: அந்த உப்புத்தாள இஞ்ச எடு.

பிளஸ்ஸி: இடது காது எப்பயிருந்து கேக்கல்ல?

டெனிஷ்: ஈஸ்டருக்கு முன்னயே... பைய பைய கொறஞ்சுது. நாகர்கோவில்ல டாக்டரப் பாத்தேன். நரம்பாம். போனது போனதுதானாம்.

பிளஸ்ஸி: ஒத்தைக்கா போனிய?

டெனிஷ்: சொன்னா நீ கரைவ.

பிளஸ்ஸி: இப்ப மட்டும் சிரிக்கேனா? ...செரி, விடுங்க. வலது காது இருக்குல்லா. நான் இந்தப் பக்கமே நின்னு பேசுதேன். அதுக்கு எதுக்கு நல்ல வார்னிஷ சொரண்டுதிய?

டெனிஷ்: வலதும் போவுமாம் பிளஸ்ஸி... பின்ன இந்தப் பெட்டி எனக்குப் பாக்கதுக்கு மட்டுந்தானே. நெறமாவது நிக்காண்டாமா?