இருபத்தைந்தாவது தட்டு

விளக்கைக் குறையுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது இது. மத்தியானம் இரண்டரை மணி. ஆலைக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை... பேய்க்கு இருட்டுதான் வேண்டுமென்று யார் சொன்னது?

அந்த மருந்து ஆலைக்கு அத்தான் ஒரு இரும்புக் கோபுரம் வடிவமைத்திருந்தார். மேலிருந்து மருந்து கலந்த தண்ணீர் இறங்கும். கீழிருந்து கரைப்பான் சொட்டுச் சொட்டாக ஏறி, அந்த மருந்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். இடையில் இருபத்து நாலு துளைத் தட்டுகள். தட்டு கூடக் கூட மருந்து அதிகம் பிரியும்.

கோபுரத்துக்குள் நுழைகிறவன் வாசல் பலகையில் தன் டோக்கனை மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் மூடுவார்கள். முதல்முறை மூடிய அன்று ஒரு டோக்கன் மிச்சம். ஆட்களை எண்ணினால் சரியாக இருந்தது.

"பழசு சார். எவனோ மறந்திருப்பான்," என்றார் மேஸ்திரி. அத்தானும் அவசரத்தில் தலையாட்டிவிட்டார்.

கோபுரம் ஓடியது. கணக்கைவிட நன்றாகவே ஓடியது... இருபத்தைந்து தட்டின் வேலை. முதலாளி கைகுலுக்கினார். அத்தானுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"நான் போடாத தட்டு எங்கிருந்து வந்துச்சு?" என்று தன் மனைவியை, அதாவது நண்பனின் அக்காவைப் போட்டு அரித்தார். உள்ளே யாரையோ வைத்து மூடிவிட்டோமோ என்ற பயம்.

அதனால்தான் அந்த மத்தியானம். கோபுரத்தை நிறுத்தி, கழுவி, காற்றடித்து, தன் டோக்கனை மாட்டிவிட்டு உள்ளே போனார். மேஸ்திரி வெளியே நின்றார். தட்டுகளைத் தட்டி எண்ணுகிற சத்தம். டக்... டக்... இருபத்து நாலு. அப்புறம் அமைதி. அப்புறம் இன்னொரு... டக்.

"சார்?"

வெகுநேரம் கழித்து அத்தான் வெளியே வந்தார்.

"ஒண்ணுமில்ல. மூடு."

ஆளே எதிரில் நிற்கும்போது டோக்கனை யார் பார்ப்பார்கள்? மூடிவிட்டார்கள்.

வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார். அக்காவுக்கு நிம்மதி. ஆனால் அவர் மேல் கரைப்பான் வாடை, நகப்பூச்சு மாதிரி. எத்தனை தடவை குளித்தும் போகவில்லை. தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

மூன்றாம் நாள் மேஸ்திரி அக்காவுக்குப் போன் செய்தார்.

"பலகையில சாரோட டோக்கன் இன்னும் தொங்குதும்மா. கோபுரம் இப்ப இருபத்தாறு தட்டு வேலை செய்யுது... சார் வீட்லதான இருக்காரு? இல்லன்னா சொல்லுங்க, இப்பவே திறக்கிறேன்."

அக்கா அடுப்படியில் இருந்தாள். போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூடத்திலிருந்து அவர் குரல், மெதுவாக...

"இருக்கேன்னு சொல்லு."