எட்டில் முடிந்த கல்யாணத் துணி

டமிலாரே: துணி முதுகுல அச்சடிச்ச நம்ம எண்ணோட கடைசி இலக்கத்தைப் பாரு, மொரெனிகே. எட்டு!

மொரெனிகே: எட்டுக்கு என்ன குறைச்சல்? குண்டா, அழகா இருக்கு.

டமிலாரே: ரெட்டைப்படை! நம்ம ரெண்டு பேர் பிறந்த தேதியையும் ஒட்டவச்சா பதினாறு இலக்கம்… பகா எண், எதாலயும் வகுபடாது, எங்களை மாதிரியேன்னு உங்கப்பா முன்னாடி அளந்துட்டு வந்தேனே…

மொரெனிகே: நீ அளந்த அளப்புல அவரு தூங்கியே போயிட்டாரு.

டமிலாரே: சிரிக்காத. சனிக்கிழமை இபடான் ஊர்ல பாதிப் பேரு இந்தத் துணியைத்தான் தச்சுப் போட்டுக்கிட்டு நம்ம கல்யாணத்துக்கு வரப்போறாங்க. உங்கத்தைக்குப் பின்வரிசையில எங்க கணக்குத் துறை…

மொரெனிகே: அவங்க சோத்தைப் பாப்பாங்களா, எங்கத்தை முதுகைப் பாப்பாங்களா?

டமிலாரே: முதுகைத்தான்! கோழிக்கால் வாயில இருக்கும்போதே வகுத்துடுவாங்க. ‘வாத்தியார் கல்யாண எண் சரிபாதியா பிளக்குது’ன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

மொரெனிகே: பிளந்துட்டுப் போகட்டும். நீ என்னைக் கட்டிக்கப்போறியா, எண்ணைக் கட்டிக்கப்போறியா?

டமிலாரே: கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துக் குடுத்த எண். ஒண்ணுல முடிஞ்சுது. எவனோ மாத்தியிருக்கான்.

மொரெனிகே: அச்சடிக்கிறவன் தூங்கியிருப்பான்.

டமிலாரே: போன் போட்டுக் கேட்டுடலாம்…

மொரெனிகே: வேண்டாம்! பாவம், அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்…

டமிலாரே: அவனுக்குக் கல்யாணமே ஆகலையே.

மொரெனிகே: அப்போ… அவன் அக்காவுக்கு.

டமிலாரே: பிரசவம் பாத்தது நீதானா, நர்ஸம்மா?

மொரெனிகே: நான்தான் மாத்தச் சொன்னேன். போதுமா? மாதிரித் துணியைப் பாக்கப் போனேன். கடைசியில என் வருஷம்… எம்பத்தி ஒண்ணு! நான் உன்கிட்ட சொன்னது எம்பத்தெட்டு. உனக்கு எப்படித் தெரிஞ்சுதோன்னு பயந்து, ஊர் பாக்கறதுக்குள்ள ஒண்ணை எட்டாக்கச் சொல்லிட்டேன்.

டமிலாரே: நான் எம்பத்தஞ்சு. ஆக, நாலு வயசு மூத்தவ.

மொரெனிகே: மெதுவா பேசு! மூத்தவளைக் கட்டுனான்னு சொந்தத் தம்பி மகன் கல்யாணத்துக்கே போகாதவங்க உங்கம்மா. அதை ஊரே முதுகுல போட்டுக்கிட்டு வந்தா? எண் உடைஞ்சா உனக்கு மானம்தான் போகும். எனக்கு நீயே போயிடுவியேடா…

டமிலாரே: எம்பத்தெட்டு போட்டா ரெட்டைப்படையாச்சேன்னுதான் நிஜத்தைப் போட்டேன்.

மொரெனிகே: உன் கணக்குல இடி விழ! நிஜத்தை எவ சொன்னா?

டமிலாரே: உங்க வீட்டுப் பிளாஸ்டிக் கிண்ணம். முதல் நாள் உங்கம்மா எனக்கு அதுல எகுசி விதைக் குழம்பு ஊத்துனாங்க. வழிச்சுத் தின்னு முடிச்சா, அடியில அச்சடிச்ச படத்துல நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற. ‘மொரெனிகேவுக்கு முப்பது வயசு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு.’

மொரெனிகே: ஐயோ… அந்தப் பிறந்தநாளுக்கு வந்தவங்களுக்குக் குடுத்தது! மிச்சத்தையெல்லாம் ஒளிச்சு வைக்கச் சொல்லியிருந்தேனே… இரு, உங்கம்மா பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எதுல ஊத்துனாங்க?

டமிலாரே: அதே கிண்ணம்தான். கழுவி வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாங்க. தினம் உன் மூஞ்சி தெரியறவரைக்கும் அதுலதான் கஞ்சி குடிக்கிறாங்க. ‘எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதடா, பயத்துலயாவது மருமக மரியாதையா இருப்பா’ன்னாங்க.