கொழுந்துக்குத் தோதான கை

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மற்றவர், அவர் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்த, தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர். தொழிலாளி சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது.

"பிள்ளைய எந்த இஸ்கூல்ல வேணும்னாலும் சேர்க்கலாமாம் நானா. அது நம்ம உரிமையாம். டவுன் இஸ்கூல் பெரிய மாஸ்டரே சொன்னாரு."

"அப்ப மகள சேத்தாச்சா?"

"எங்க சேத்தாரு? வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, கெட்டிக்காரின்னு மெச்சினாரு. பொறவு எங்க இருக்கீங்கன்னாரு. தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுலன்னேன். உடனே இடமில்லைன்னுட்டாரு. தோட்டத்து இஸ்கூல்லயே படிக்கட்டுமாம்."

"அங்க அஞ்சாம் வகுப்போட சரிதானே?"

"அத முடிச்சிட்டுத்தானே நானா இங்க வந்தோம்!"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "என்ட மகன தமிழ்ல போடவா, சிங்களத்துல போடவான்னு நான் தலைய பிச்சிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு வாசலே தொறக்கல்ல." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ட கடை விலாசத்தக் குடுங்களேன். பிள்ள எங்ககிட்ட இருக்குதுன்னு சொல்லுங்க."

"டவுன்ல இன்னொருத்தரும் அப்படித்தான் சொன்னாரு. மககிட்ட கேட்டேன். 'அப்ப நீங்க யாருன்னு நான் சொல்றதுப்பா?'ன்னா. வேணாம்னு கூட்டியாந்துட்டேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"திங்கக்கிழமை மலைக்கு வேலைக்குப் போறா. வேலைய மேய்க்கிற கணக்கப்பிள்ளை அவ கையப் புடிச்சுப் பாத்தாரு. வெரல் மெல்லிசா இருக்கு, கொழுந்து எடுக்கத் தோதான கைன்னு ரொம்ப சந்தோசப்பட்டாரு."