எடுக்காத லீவு

"நாளைக்கு விடிஞ்சால் என்னை ஒருத்தரும் வேலையால கலைக்கேலாது அக்கா."

லவால் போகும் மெட்ரோவில் என் எதிரே இருந்தவர் சொன்னார். ஒட்ட வெட்டிய தலை, காதோரம் நரை. அமெரிக்க ஆமியில் சிப்பாய் வேலை, லீவில் வந்திருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா. மடியில் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய நண்டுப் பை.

"ஆள் குறைக்கினம் எண்டு கடிதம் தந்தவங்களெல்லே?"

"தந்தவங்கள். மிச்ச லீவு முடிஞ்சாத்தான் வெளிய விடலாம். லீவிலயும் சேவிஸ் கணக்கு ஓடும். இண்டையோட பதினெட்டு வருஷம் முடியுது. பதினெட்டு முடிச்சவனை இருபது மட்டும் வைச்சிருக்க வேணும். அது சட்டம். இருபதில பென்சன்."

"ஒரு நாள் குறைஞ்சிருந்தால்?"

"வெறுங்கையோட வீடு."

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"என்ர மகளின்ர கலியாணத்துக்கு நாலு நாள் வரக் கேட்க, லீவு இல்லையெண்டு சொன்னாய். அந்த நாலு நாளும் இந்த மிச்ச லீவுக்குள்ள கிடக்குதோ?"

"ஓம். அப்பவே ஆள் குறைக்கிற கதை அடிபட்டது. பயத்தில எடுக்கேல்லை."

"பொய்க்காரா. ஒரு வருஷம் நான் உன்னோட கதைக்கேல்லை."

"தெரியும்."

"அந்த நாலு நாள் இல்லாட்டி?"

"முந்தாநாளே வெளியில நிண்டிருப்பன்."

ரயில் ஆற்றுக்குக் கீழே போனது. அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலையம் வந்ததும் எழுந்து நண்டுப் பைக்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"விடடா, நான் கொண்டு வாறன். நீ லீவில நிக்கிறாய்."