வெளியில இருந்து உள்ள வர்றது

– ஜன்னல்ல எட்டிப் பார்த்தா நீங்க தெரியறீங்க. இவ்ளோ பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இதுக்குப் பேரு தொலைவுல இருந்து வேலை பார்க்கறதா?

– எதிர் பஸ் ஸ்டாப்பா இருந்தா என்ன, ஏழு கடல் தாண்டி இருந்தா என்ன, அந்த ரவுட்டர் பெட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான் மேடம். சிம்பிள். அதாவது, நான் இப்ப உங்க லேப் வைஃபைல இல்ல. என் போன் நெட்ல இருக்கேன். அதனால நான் வெளியாள்.

– மடியில லேப்டாப், தோள்ல இடுக்கின போன். பக்கத்துல இருக்கற பெரியவர் உங்களையே பார்க்கறார், வெளியாளே.

– அவரை விடுங்க. நீங்க பெட்டி முன்னாடி உக்காந்தாச்சா?

– ஸ்டோர் ரூம்ல ஸ்டூலுக்கு எங்க போறது? சிரிஞ்சு வந்த அட்டைப்பெட்டி மேல உக்காந்திருக்கேன். இந்தப் பக்கம் பிரிட்ஜ், அந்தப் பக்கம் உங்க பெட்டி. ரெண்டும் ஒரே மாதிரி உறுமுது.

– சரி. காலைல முதல்ல என்ன பண்ணோம்?

– பாஸ்வேர்டு மாத்தினோம். கடையில இருந்து வரும்போதே ஒண்ணு போட்டு வருமாம், அது ஊருக்கே தெரிஞ்ச பூட்டாம். அரைமணி நேரம் அதைப் பத்தியே பேசினீங்க.

– அவ்ளோ நேரமா பேசினேன்? சரி, அடுத்தது எனக்குன்னு ஒரு கணக்கு. நீங்கதான் டைப் பண்ணீங்க. என்ன பேரு போட்டீங்க? இங்க கேக்குது.

– வயர்காரர்.

– மேடம், இது ஹெட் ஆபீஸ்ல பார்க்கற விஷயம்.

– பார்க்கட்டும். இங்க யாருக்கு உங்க பேரு தெரியும்? நீங்க வந்தாலே வாட்ச்மேன், "வயர்காரர் வந்துட்டார்"னுதான் மேல குரல் குடுப்பார். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு உடனே என்னைப் பார்த்துச் சிரிப்பா.

– எதுக்குச் சிரிக்கணும்?

– எனக்கென்ன தெரியும்? வேலையைப் பாருங்க.

– பார்க்கறேன், பார்க்கறேன். கனெக்ட் அழுத்தறேன்... ஆஹா. உள்ள வந்துட்டேன் மேடம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள. பெட்டியோட செட்டிங்ஸ் பக்கமே என் முன்னாடி இருக்கு.

– அப்படியா? இங்க ஸ்க்ரீன்ல உங்க பேரு பக்கத்துல ஒண்ணுமே எரியலையே. உள்ள வந்தா பச்சையா ஒரு புள்ளி எரியும்னு சொன்னீங்க?

– எரியலையா? இருங்க... அட. லேப் வைஃபை இந்த பெஞ்சு வரைக்கும் எட்டுது. லேப்டாப் இன்னும் அதையேதான் புடிச்சுத் தொங்கிட்டிருக்கு.

– அதாவது, உள்ள இருந்துக்கிட்டே உள்ள வர்றேன்னு கதவைத் தட்டிட்டு இருந்திருக்கீங்க.

– என் டயலாக்கை நீங்க எடுத்துக்கிட்டீங்க. "அதாவது" என்னோடது.

– நீங்கதான் விட்டுட்டுப் போனீங்க, போன மாசம். சரி, வைஃபையை அணைங்க.

– அணைச்சாச்சு. இப்பதான் முக்கியமான வேலை. ஒரு கதவை அடைக்கப் போறோம். இனிமே இந்தப் பெட்டியோட செட்டிங்ஸை வெளியில இருந்து யாரும் நேரா தொட முடியாது, உள்ள இருக்கறவங்க பார்க்க மட்டும்தான் முடியும். வி.பி.என்.னா ஒரு சுரங்கப்பாதைன்னு வெச்சுக்குங்க. சாவியோட அது வழியா வர்றவன் மட்டும் கை வைக்கலாம்.

– சாவி யார்கிட்ட?

– என் லேப்டாப்ல.

– கதவை அடைக்கும்போது நீங்களே வெளிய மாட்டிக்கிட்டா?

– எல்லா வயர்காரனும் ஒரு தடவையாவது மாட்டியிருப்பான் மேடம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் ஒரு பிராஞ்ச்ல இப்படித்தான் அடைச்சேன். ஒரே ஒரு வரி தப்பு. அதைத் திருத்த பகல் பூரா பஸ்ல போனேன். அதனாலதான் இப்பல்லாம் டைமர். நீங்க "அமல்படுத்து"ன்னு அழுத்தினதும் பெட்டி பத்து நிமிஷம் காத்துட்டிருக்கும். நான் சுரங்கம் வழியா வந்து "உறுதி"ன்னு அழுத்தணும். அழுத்தலைன்னா, பாவம் இவன் வெளிய மாட்டிக்கிட்டான்னு நெனச்சு, அதுவே எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடும்.

– நல்ல மனசுள்ள பெட்டிதான்.

– சிம்பிள்.

– நீங்க அந்த "உறுதி"யை அழுத்திட்டா அப்புறம் இங்க என்ன கோளாறு வந்தாலும் அங்க இருந்தே சரி பண்ணிடுவீங்க.

– கையில இருக்கற டீ ஆறுறதுக்குள்ள.

– மூணு பஸ் மாறி வர வேண்டாம்.

– வேண்டாம்.

– நனைஞ்ச ஷூவைக் கொண்டாந்து பிரிட்ஜ் பின்னாடி காய வைக்க வேண்டாம்.

– அது ஒரே ஒரு தடவைதான் மேடம்.

– ரெண்டு தடவை.

– கணக்கெல்லாம் வெச்சிருக்கீங்க.

– லேப்காரிக்கு எண்ணுறதுதானே பொழப்பு.

– உங்க லேப் மேனேஜருக்கு திடீர்னு ஏன் இந்த யோசனை வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல. நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. மாசம் ஒரு தடவை சர்வர் படுத்துக்கும், நான் வருவேன்.

– மேனேஜர் இல்ல. நான்தான் ஹெட் ஆபீஸுக்கு எழுதினேன்.

– நீங்களா?

– போன தடவை நீங்க வந்து சேர்ற வரைக்கும் ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போகல. காய்ச்சல்ல கொதிக்கற குழந்தையை மடியில போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு கீழ பெஞ்சுலயே சாயங்காலம் வரைக்கும் இருந்தா. ரத்தம் பார்த்து முடிச்சு, ரிசல்ட் மேல என்கிட்ட இருக்கு, குடுக்க முடியல. கையால எழுதிக் குடுத்தா டாக்டர் வாங்க மாட்டேன்னுட்டார். அன்னிக்கே எழுதிட்டேன்.

– நான் மேனேஜர்னு நெனச்சு அவரை மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல.

– எதுக்குத் திட்டணும்?

– சும்மாதான். எனக்குப் பஸ்ல வேடிக்கை பார்த்துட்டு வர்றது புடிக்கும்.

– மூணு பஸ் மாறி வேடிக்கை.

– ஜன்னல் சீட்டு கிடைக்கும் மேடம். சரி, அழுத்துங்க.

– அழுத்திட்டேன். நிமிஷம் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

– இங்க சுத்துது.

– ம்.

– இன்னும் சுத்துது.

– சிவப்பா ஒரு பஸ் திரும்புது பாருங்க. உங்களோடதுதானே?

– போகட்டும். அடுத்தது வரும்.

– லேட்டானா வீட்ல தேட மாட்டாங்களா?

– பூட்டின வீடு. அது எங்க தேடப் போகுது? உங்க வீட்ல?

– என்னோடதுக்கும் என் ஒருத்திகிட்டதான் சாவி. பஸ் போயிடுச்சு.

– போயிடுச்சு.

– உள்ள வந்துட்டீங்களா?

– இல்ல மேடம். சிக்னல் இருக்கு, சாவியும் சரியா இருக்கு, ஆனா உள்ள விட மாட்டேங்குது. ரவுட்டர்ல ஏதோ இருக்கும் போல. இன்னொரு நாள் வந்து உக்காந்து நிதானமாத்தான் பார்க்கணும். அடுத்த மாசம் வர்றேன்.

– அப்படியா.

– நீங்க கவலைப்படாதீங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது. டைமர் முடிஞ்சா தானா பழையபடி ஆயிடும்.

– இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?

– ரெண்டு நிமிஷம் இருக்கும். உங்க ஸ்க்ரீன்லயே தெரியுமே.

– தெரியுது. நான் ஜன்னலுக்கே வந்துட்டேன். லேப்டாப்பையும் பார்க்கல, ரோட்டையும் பார்க்கல, மேல எதைப் பார்க்கறீங்க?

– ஜன்னலைத்தான்.

– ஒண்ணு கேக்கறேன். ஒருவேளை இது இன்னிக்கே சரியாயிட்டா, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டீங்க, இல்ல?

– என்னன்னு சொல்லிட்டு வர்றது மேடம்? ரிப்பேரே இல்லாத இடத்துல வயர்காரன் வந்து நின்னா, என்ன வேலையா வந்தீங்கன்னு வாட்ச்மேன் கேக்க மாட்டாரா? நான் என்ன பதில் சொல்லுவேன்?

– வயர்காரரே, அந்த பஸ் திரும்பறதுக்கு முன்னாடியே உங்க பேரு இங்க பச்சையா எரிய ஆரம்பிச்சிடுச்சு, அதனால முதல்ல "உறுதி"யை அழுத்திட்டு, ரோட்டைத் தாண்டி மேல வாங்க, வாட்ச்மேன் கேட்டா ரிப்பேர் எதுவும் இல்ல, என்னைப் பார்க்கத்தான் வந்தேன்னு சொல்லுங்க.